எலி, பூனை, வளை

3 ஜூன் 2024, திங்கள்

இன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் மகள் செண்பகவல்லி, அவள் புருஷன் குருசாமி, கண்ணாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற கண்ணாடிக்காரப் பெண், எனக்கு முன்னால் நின்ற திருச்சுழிக்காரி, அவளுடைய தங்கச்சி, கதவோரம் நின்ற வாட்ச்மேன். ஏழு பேர். பிற்பாடு ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை, இப்படி நடக்கவில்லை என்று என்னிடம் பேசக் கூடாது. அதற்காகத்தான் முதலிலேயே பெயரை எழுதுகிறேன். நூல் கடையில் கொடுத்த டைரி இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் யார் எதை எந்தக் கிழமை சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது.

வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று போன வாரம் எடுத்தார்கள். இன்றைக்குத் தேதி கேட்கப் போனோம். அந்தக் கண்ணாடிக்காரி தாளைப் பார்த்து, நாலு பேர் கேட்க, "சீனியம்மாள், மஞ்சள்காமாலைக் கிருமி, பி, பாசிட்டிவ்" என்று வாசித்தாள். திருச்சுழிக்காரி இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

பாசிட்டிவ் என்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குக் குழப்பம். பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பாசிட்டிவ் என்றபோது தெரு பூராவும் மைசூர்பாகு கொடுத்தார்கள். கொரோனாவில் பாசிட்டிவ் என்றபோது அதே வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். இது தகரப் பாசிட்டிவ் என்று புரிந்துகொண்டேன்.

கண் மஞ்சளாக இல்லை. மூத்திரம் மஞ்சளாகப் போகவில்லை. காலையில் மூன்று இட்லி தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எனக்கு எப்படிக் காமாலை?

4 ஜூன், செவ்வாய்

என் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

6 ஜூன், வியாழன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் இரண்டரை மணி நேரம். அங்கே ஜெசிந்தா என்று ஒரு சிஸ்டர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. இந்தக் கிருமிக்கென்றே உட்கார்ந்திருக்கிறவராம். மறுபடியும் ரத்தம் எடுத்து, சாயங்காலம் மூன்று வரி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். முதல் வரி பாசிட்டிவ், இரண்டாவது நெகட்டிவ், மூன்றாவது பாசிட்டிவ். ஒரே உடம்பில் இதென்ன, ஒன்று விட்டு ஒன்று?

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். முதல் வரி, கிருமி இப்போது உள்ளே இருக்கிறதா என்று. இரண்டாவது, கிருமியை அண்டவிடாத காவல் உடம்பில் இருக்கிறதா என்று. மூன்றாவது, கிருமி என்றைக்காவது வந்த தடம் இருக்கிறதா என்று. நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கேட்டேன், அப்படியானால் வீட்டில் எலி இருக்கிறதா, பூனை இருக்கிறதா, எலி வளை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதானே என்று. சிஸ்டர் சிரித்து, அடுத்த அறையில் இருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். ஐந்தாவது படித்த எனக்குப் புரிந்தது மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அவர் பத்தாவது.

எனக்கு எலி இருக்கிறது, வளை இருக்கிறது, பூனை இல்லை.

டம்ளரைப் பற்றி செண்பகவல்லி கேட்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது, தொட்டாலும் இருமினாலும் வராது, ரத்தத்தில் வரும், புருஷன் பெண்டாட்டிக்குள் வரும் என்று சிஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார்.

எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டேன். சிறு பிள்ளையில் வந்தால்தான் பெரும்பாலும் இப்படித் தங்குமாம். வளர்ந்தவர்களுக்கு வந்தால் முக்கால்வாசிப் பேருக்கும் மேலே உடம்பே விரட்டிவிடுமாம். எனக்கு எழுபத்தொரு வயது. அப்படியானால் நான் கல்யாணம் முடித்தபோது, நூல் சுற்றப் போனபோது, இரண்டு பிள்ளை பெற்றபோது எல்லாம் அது உள்ளே இருந்திருக்கிறது. ஒரு சத்தம் போடவில்லை.

அப்புறம் சிஸ்டர் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க வீட்ல யாராவது ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, அப்படித் தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

செண்பகவல்லி, "எங்கண்ணன்" என்றாள்.

அது குடியில் என்று நான் சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "குடிச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா பாட்டி?"

முன்பின் தெரியாதவர் கேட்கிற கேள்வியா இது? நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். சிஸ்டர் அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னார். பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகுமாம். ஆகையால் செண்பகவல்லி ரத்தம் கொடுக்க வேண்டும். அண்ணன் பெண்டாட்டியும் அவர் பிள்ளையும் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குள் அது இருந்தால் இப்போதே பார்த்துவிட்டால் மருந்து இருக்கிறது, கண்காணித்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து. இதை மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொல்ல வேண்டியதில்லை, எனக்குக் காது கேட்கும்.

வருகிற வழியில் கறிவேப்பிலை வாங்கினோம்.

7 ஜூன், வெள்ளி

எனக்கு இதைக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் அம்மாவாக இருக்கலாம். எனக்கு எட்டு வயதில் தெருவுக்கே விஷக்காய்ச்சல் வந்தபோது சுப்பையா கம்பவுண்டர் ஒரே ஊசியை ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துத் துடைத்து இருபத்தாறு பேருக்குக் குத்தினார். நான் பதினான்காவது ஆள். எனக்கு முன்னால் குத்திக்கொண்டவள் கோமதி. அவள் அண்ணன் என் சிலேட்டைத் திருடியவன். புதன்கிழமைச் சந்தையில் எனக்குப் பச்சை குத்திய பெண்ணும் ஊசியைக் கழுவவில்லை. மூன்று பேர் மேலேயும் சந்தேகம் இருக்கிறது. ஒருத்தரும் உயிரோடு இல்லை. கேட்க முடியாது.

11 ஜூன், செவ்வாய்

செண்பகவல்லியின் தாள் வந்தது. நெகட்டிவ், நெகட்டிவ், நெகட்டிவ். எலி இல்லை, பூனை இல்லை, வளையும் இல்லை. நல்லதுதானே என்றேன். நல்லதுதான், ஆனால் பூனை இல்லாத வீடு, ஆகவே மூன்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என்றார் சிஸ்டர். எல்லாம் நெகட்டிவாக வந்தாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

இரண்டு பேரையும் இதே வயிற்றில்தான் சுமந்தேன். ஒருத்திக்கு வராமல் ஒருத்தனுக்கு வருமா என்று கேட்டேன். ஒவ்வொரு பிரசவமும் ஒவ்வொரு மாதிரி, வரும் என்றும் சொல்ல முடியாது வராது என்றும் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பதில்.

என் ஈரலையும் ஸ்கேனில் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறதாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். எழுபத்தொரு வயதில் எனக்கு நன்றாக இருக்கிறது. முப்பத்து நாலு வயதில் அவனுக்கு…

மாவு புளித்துவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும்.

13 ஜூன், வியாழன்

மிளகாய் வத்தல் காயப்போட்டேன். காக்காய் விரட்ட உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

சிஸ்டர் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். என் மகன் சௌந்தரபாண்டிக்கு 2011 தை மாதம் கண் மஞ்சளாகத் தொடங்கியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். மாசியில் வயிறு வீங்கியது. மில்லில் அவனோடு வேலை பார்த்த நாலு பேரில் மூன்று பேர் குடிகாரர்கள். வயிறு வீங்கி, கை கால் ஈர்க்குச்சியாகி நிற்கிறவனைப் பார்த்தால் ஊரில் யாரும் வேறு என்ன சொல்வார்கள்? அவன் இல்லை என்றான். எல்லாக் குடிகாரனும் இல்லை என்றுதான் சொல்வான்.

அவன் பெண்டாட்டி தங்கமாரி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவள்தான் மறைக்கிறாள் என்று எனக்குக் கோபம். அதைச் சொன்னேன். தெருவில் வைத்துச் சொன்னேன்.

மாசி இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவனைக் குடி மறக்கக் கயிறு கட்டுகிற கோயிலுக்குக் கூட்டிப்போனோம். நான், செண்பகவல்லி, மாப்பிள்ளை, தங்கமாரி, இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. அங்கே வரிசையில் நின்று, சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, இதுவரை குடித்தேன், இனி தொடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். அவன் சொன்னான். சத்தமாகவே சொன்னான். நான் கேட்டேன். சாமிக்கு முன்னால் சொன்னதற்கு மேலே என்ன சாட்சி வேண்டும்?

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் டாக்டர், இவர் குடிப்பாரா என்று கேட்டார். ஆமாம் என்று பதில் சொல்லப்பட்டது. யார் சொன்னது என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ரத்தத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. பங்குனி பதினொன்றில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் தங்கமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். நான் போகச் சொன்னேன் என்று சிலர் சொல்கிறார்கள். நான் வாசல் கதவைத்தான் திறந்து வைத்தேன்.

காக்காய் இரண்டு வத்தலைத் தூக்கிப் போய்விட்டது.

15 ஜூன், சனி

செண்பகவல்லி தங்கமாரிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று நாளாக எடுக்கவில்லை. நம்முடைய நம்பரைத் தடை செய்து வைத்திருக்கிறாள் என்கிறார் மாப்பிள்ளை. கடுதாசி போடலாம் என்றேன். கடுதாசியில் என்னவென்று எழுதுவது? உன் மாமியாருக்கு எலி இருக்கிறது என்றா?

பிள்ளைக்கு இப்போது பதினாறு முடிந்திருக்கும். ஆவணியில் பிறந்தவள். நிவேதா. முகம் எனக்குத் தெரியாது. மூன்று வயது முகம்தான் தெரியும்.

நாளைக்குப் போகிறேன். இதை எழுதிவிட்டதால் இனி மாற்ற முடியாது.

16 ஜூன், ஞாயிறு

இருந்தவர்கள்: நான், செண்பகவல்லி, தங்கமாரி, நிவேதா.

தங்கமாரி கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். வீடும் அதற்குப் பின்னால்தான். சந்து முழுக்க வெல்லப்பாகு வாசனை. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் நெற்றி, அவன் காது. வளர்ந்து பாவாடை சட்டையில் நிற்கிறாள். "யாரு வேணும்?" என்று கேட்டாள். நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உள்ளேயிருந்து தங்கமாரி வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. பதின்மூன்று வருஷம் போனாலும் அவளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது.

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. எனக்கு இருக்கிற சீக்கை முதலில் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று வரியையும் சொன்னேன். எலியைச் சொன்னேன், வளையைச் சொன்னேன். மகன் பேருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். இது சௌந்தரபாண்டிக்கும் இருந்திருக்கலாம், பிறக்கும்போதே போயிருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னதைச் செண்பகவல்லிதான் சொல்லி முடித்தாள்.

தங்கமாரி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"பிள்ளைக்கும் இருக்குமா?" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

"புதன்கெழம லீவு போடுதேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. வாரோம்."

அவ்வளவுதான். கிளம்பும்போது தண்ணீரைக் குடித்தேன். நிவேதா அந்த டம்ளரை வாங்கி, கழுவாமல் அதிலேயே பானையில் மொண்டு அவளும் குடித்தாள். தங்கமாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. என்னை அத்தை என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதை எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

19 ஜூன், புதன்

வந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நிவேதா ஊசிக்குப் பயப்படவில்லை. அவள் அப்பன் பயப்படுவான்.

20 ஜூன், வியாழன்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

21 ஜூன், வெள்ளி

எலி இருந்தால் என்ன செய்வது என்று சிஸ்டரிடம் கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் மாத்திரை என்பார். தினம் ஒரு மாத்திரை. அந்த வயதுப் பிள்ளை மாத்திரை டப்பாவோடு பள்ளிக்கூடம் போனால் கூடப் படிக்கிறவர்கள் என்ன கேட்பார்கள், இவள் என்ன பதில் சொல்வாள்? பின்னால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தங்கமாரி என்ன சொல்வாள்? சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்குப் பிறக்கிற பிள்ளை? யோசிக்க யோசிக்க என்னிடமிருந்து ஒரு கயிறு புறப்பட்டு ஒவ்வொருத்தராகச் சுற்றிக்கொண்டே போவது போல இருக்கிறது. இதற்கு முன்னால் ஒருநாள்கூட நான் சாமியிடம் நெகட்டிவ் என்று ஒரு வார்த்தையை வேண்டிக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது, மூன்று வரிக்குமா அல்லது முதல் வரிக்கு மட்டுமா என்று சொல்ல மறந்துவிட்டேன்.

22 ஜூன், சனி

சிஸ்டர் இரண்டு தாளையும் மேசையில் வைத்து என்னையே வாசிக்கச் சொன்னார். வாசிக்க முடியவில்லை. கண்ணில் புரை. நிவேதா வாசித்தாள்.

தங்கமாரி: நெகட்டிவ், பாசிட்டிவ், பாசிட்டிவ். எலி இல்லை. பூனை இருக்கிறது. வளை இருக்கிறது. அதாவது அவளுக்குள் அது வந்திருக்கிறது, அவள் உடம்பு அதைக் கடித்துத் துரத்திவிட்டது. எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. என் மகனை விட்டால் அவளுக்கு வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?

நிவேதா: நெகட்டிவ், பாசிட்டிவ், நெகட்டிவ். எலி இல்லை, வளையும் இல்லை. பூனை மட்டும் இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. எலி வராத வீட்டில் எதற்குப் பூனை? சிஸ்டர் சொன்னார், அது ஊசி போட்டு வாங்கி வைத்த பூனை, பிறந்தபோது போட்ட தடுப்பூசி, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் வராது. எனக்குப் பாசிட்டிவ் என்றால் கேடு, இவளுக்குப் பாசிட்டிவ் என்றால் காவல். ஒரே சொல்லை ஏன் எல்லாவற்றுக்கும் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்றது நன்றாகக் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

செண்பகவல்லியும் நிவேதாவும் டீ வாங்கப் போனார்கள். வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் நானும் தங்கமாரியும் உட்கார்ந்திருந்தோம். இருந்தவர்கள் அவ்வளவுதான். இரண்டு பேர்.

"அத்தை," என்றாள். பதின்மூன்று வருஷத்துக்கு அப்புறம். "அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

அப்புறம் ஏன் கோயிலில் அப்படிச் சொன்னான் என்று கேட்டேன்.

"நான்தான் ஊத்திக் குடுக்கேன்னு தெருவுல வச்சுப் பேசினீகல்ல. மறுநாளு எங்கிட்ட சொன்னாரு. நான் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா அம்மா உன்னைய விட்ருவா, கோவம் எம்மேல திரும்பிரும்னு. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். எங்கம்மாவுக்கு ஊர்ல எல்லார் மேலயும் கோவம் சாகுற வரைக்கும் நிக்கும், எம்மேல மட்டும் நாலு நாள்தான் நிக்கும், பாத்துக்கிட்டே இருன்னு சிரிச்சாரு."

நான் பெஞ்சில் கிடந்த வேப்பிலையைத் தள்ளிவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப நீங்கதான் ஆமான்னு சொன்னீக. அவரு எம்மொகத்தப் பாத்தாரு. பாத்துட்டு ஆமான்னு தலைய ஆட்டிட்டாரு. நானாச்சும் அன்னைக்கு வாயத் தெறந்திருக்கணும். தெறக்கல. அந்தத் தப்புல எனக்கும் பங்கு இருக்கு அத்தை."

டீ வந்துவிட்டது. சர்க்கரை அதிகம்.

24 ஜூன், திங்கள்

கண்ணாஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூலை எட்டு. இந்தக் கிருமி இருக்கிறவர்களை அன்றைய வரிசையில் கடைசியாக வைத்துச் செய்வார்களாம். செய்யட்டும். கண்ணாடிக்காரப் பெண் இந்தத் தடவை பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். நல்ல பெண்தான்.

வத்தல் காய்ந்துவிட்டது. நிவேதாவுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட வேண்டும்.

27 ஜூன், வியாழன்

மூன்று நாளாக உட்கார்ந்து யோசித்துவிட்டேன். எங்கள் அம்மா தெரியாமல் பெற்றாள். சுப்பையா கம்பவுண்டருக்கு அன்றைக்கு இருந்தது ஒரு ஊசிதான். பச்சை குத்தியவள் கூலிக்குக் குத்தினாள். திருச்சுழிக்காரி பயந்தாள், பயப்படட்டும். டம்ளரைக் கவிழ்த்தவரையும் விட்டுவிடுகிறேன். தங்கமாரி என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து சொன்னாள், அவளிடம் எனக்கு ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் அவள் பேரில் தப்பாக எழுதியிருந்தது.

டாக்டரிடம் ஆமாம் என்று சொன்னது யார் என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அவளைப் பற்றி இந்த டைரியில் எழுத இடம் போதாது.

ஆனால் ஒருத்தன் இருக்கிறான். வாய் இருந்தது. இல்லை என்று முதல் நாள் சொன்னவன், பத்தாம் நாளும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சூடத்துக்கு முன்னால் பொய் சொன்னான். டாக்டருக்கு முன்னால் தலையை ஆட்டினான். என்னைப் பிடித்து உலுக்கி, அம்மா நீ நினைக்கிறது தப்பு என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ரத்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் குடிகாரனின் அம்மாவாகப் பதின்மூன்று வருஷம் நடமாட விட்டான். நாலு நாள் என்று கணக்குப் போட்டானாம். என்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? நாலு நாள் இல்லை. நாலு வருஷம் இல்லை. என் கட்டை வேகிற வரைக்கும் நிற்கும். இதைச் சாட்சியோடு எழுதுகிறேன், இருப்பது நான் மட்டும்தான்.

மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன். மன்னிக்கமாட்டேன் என்று நான் வைத்திருக்கிறது ஒரே ஒருத்தனை.

சௌந்தரபாண்டி.